சாப்பாட்டு மேசையா, கடை மேசையா, பாயா?

மகள் தரம் 4. பள்ளிக்கூடமும் ரியூசனும் முடித்து வந்து, புலமைப்பரிசில் பயிற்சி வினாத்தாளோடு வீட்டிலும் இரண்டு மணித்தியாலம் இருக்கிறாள். ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். முழங்கை தோளுக்குக் கிட்ட ஏறியிருக்கு, நாடி கொப்பியில் முட்டுது, கால் இரண்டும் அந்தரத்தில் ஆடுது. பள்ளிக்கூடக் கதிரையையோ, நெட்டை குட்டை எல்லாரையும் ஒன்றாக இருத்தும் ரியூசன் வாங்கையோ நான் மாற்ற முடியாது. வீட்டில் உள்ளதை மாற்றலாம்.

முதலில் கடைக்குப் போனோம். உயரம் மாற்றும் மேசை, சில்லு வைத்த கதிரை. "ஏ.எல். எடுக்கும் மட்டும் காணும் அண்ணா" என்றார் கடைப் பெடியன். பொய்யில்லை, நல்ல சாமான்தான். பலகையைச் சரிக்கலாம், வாசிக்கும்போது கழுத்து குனியாது. ஆனால் வெள்ளவத்தையில் இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டில் அதை வைத்தால் பல்கனிக் கதவு திறபடாது. சில்லுக் கதிரையில் பிள்ளை எழுதுவதைவிட ஓடுவதே கூட. தம்பி 6 வயசு; அவனுக்கும் அதே மேசைதான். ஒவ்வொரு பின்னேரமும் ஆர் கைபிடியைச் சுற்றி உயரம் மாற்றப் போகிறோம்? இரண்டாம் கிழமையே விட்டுவிடுவோம்.

அம்மம்மாவின் வாக்கு பாய்க்கு. "நாங்கள் நிலத்தில இருந்து படிக்கேல்லையே?" பாயில் பிள்ளை சும்மா இருக்காது; சம்மணம், முழந்தாள், பக்கவாட்டு என்று மாறி மாறி இருக்கும். அது உடம்புக்கு நல்லதுதான். கொழும்புப் புழுக்கத்துக்கு ரைல்ஸ் நிலமும் குளிர்ச்சி. கதைப்புத்தகம் வாசிக்கப் பாயை மிஞ்ச ஒன்றுமில்லை. எழுத என்றால் குட்டி மேசை வேணும், இல்லாவிட்டால் முதுகு வில்லாகும்.

மிஞ்சியது, ஏற்கெனவே வீட்டில் நிற்கும் சாப்பாட்டு மேசை. அளவு நாடாவை எடுத்தேன். மேசை 75 செ.மீ., கதிரை 45. பள்ளித் தளபாடத்துக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 1729, 119 முதல் 142 செ.மீ. வரை உயரமான பிள்ளைக்குக் கதிரை 35, மேசை 59 என்கிறது. மகள் 128. மேசைக் காலை வெட்டவா முடியும்? ஆனால் அந்த அளவுகளில் கதிரைக்கும் மேசைக்கும் இடைவெளி 24தான். எங்கள் வீட்டில் 30. ஆக, கதிரையை 6 செ.மீ. உயர்த்தி 51 ஆக்க வேணும். கால் நிலத்திலிருந்து இன்னும் தூரமாகும், அதனால் 51இல் 35 போக, 16 செ.மீ. உயரத்தில் காலுக்குப் பலகை.

1972இல் நோர்வேக்காரர் பீட்டர் ஓப்ஸ்விக் வடிவமைத்த ட்ரிப் ட்ராப் கதிரையின் சூட்சுமமும் இதுதான்: மேசை அப்படியே நிற்கும், ஆசனமும் கால் பலகையும் ஏறி இறங்கும்.

கதிரையை உயர்த்தப் பஞ்சு மெத்தையைத்தான் முதலில் போட்டேன். பத்து நிமிசத்தில் அமுங்கிப் பாதியாகிவிட்டது. இறுக்கமான ஸ்பொஞ்சே சரி. பெரிய ஆட்களின் கதிரை ஆழம் என்பதால் முதுகுக்கும் ஒரு தலையணை. கால் தொங்கினால் கதிரை விளிம்பு தொடையை அழுத்தும், விறைக்கும், பிள்ளை நெளியும். "ஒரு இடத்தில இருக்க மாட்டியா" என்று நாங்கள் பேசுவோம். பலகை வைத்த பிறகு நெளிவு பாதியாகக் குறைந்தது. அத்தனை ஏச்சும் வீண்.

தம்பிக்கும் கணக்குப் போட்டேன். அவன் 114 செ.மீ.; அந்த உயரத்துக்குக் கதிரை 31, மேசை 53. கதிரையை 8 உயர்த்தினால் காலுக்கு 22 வேணும். மொறட்டுவை ஓடாவி ஒருவரிடம் 40க்கு 22க்கு 16 என்று ஒரு பெட்டி அடிப்பித்தேன். படுக்க வைத்தால் அக்காவுக்கு, நிமிர்த்தினால் தம்பிக்கு. ஸ்பொஞ்சுக்குக் கீழே அவனுக்கு மட்டும் ஒரு 2 செ.மீ. பலகை.

அகலப் பக்கத்தில் மகள் மாக்கரால் தன் பெயரை எழுதியிருக்கிறாள். அதன் மேல் தம்பி டைனோசர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான்.