சின்ன வெள்ளி பார்: 10 கிராமா, 100 கிராமா?

சௌகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடமும், ஒரு பெரிய நகைக்கடையிலும், ஆன்லைனில் எம்எம்டிசி-பாம்ப் என்ற சுத்திகரிப்பு நிறுவனத்தின் பாக்கெட்டாகவும் சின்ன வெள்ளி பார்கள் வாங்கியிருக்கிறேன். 10, 50, 100 கிராம் மூன்றுமே கையில் இருக்கின்றன. முதலீடு என்று வாங்கினால் 100 கிராமுக்குக் கீழே போகாதீர்கள். 10 கிராம் பார் பிறந்தநாளுக்குக் கொடுக்க நன்றாக இருக்கும், அதோடு சரி.

காரணம் செய்கூலிதான். வார்த்து, முத்திரை குத்தி, அட்டையில் வைத்து சீல் போடும் செலவு 10 கிராமுக்கும் 100 கிராமுக்கும் பெரிதாக மாறாது, ஆனால் 10 கிராமில் அது ஒவ்வொரு கிராமின் தலையிலும் பாரமாக ஏறிவிடுகிறது. கணக்குக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 கிராம் பாரை கிராமுக்கு 115 என்று போட்டு, மேலே 3 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் 118 ரூபாய்க்கு மேல் ஆகிவிடுகிறது. விற்கப் போனால் ஜிஎஸ்டியும் செய்கூலியும் திரும்பி வராது, கடைக்காரர் அன்றைய ரேட்டில் இன்னும் கொஞ்சம் கழித்து 97 என்று எடுத்தால், விலை 22 சதவீதம் ஏறினால்தான் போட்ட காசே கைக்கு வரும்!

அதனால் வாங்கும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதே பாரை இன்றைக்கே திருப்பிக் கொடுத்தால் என்ன தருவீர்கள்?" மொத்த வியாபாரி உடனே ஒரு தொகை சொன்னார். நகைக்கடையில் அந்தக் கேள்விக்கு நேரான பதிலே இல்லை, பழைய வெள்ளி மாதிரி கழிவு போட்டு நகைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், பணமாகத் தர மாட்டார்களாம். பணம் தேவைப்படுகிற நாளில் கொலுசை வைத்து என்ன செய்வது?

தரத்தில் எம்எம்டிசி-பாம்ப் பார் எனக்கு முழுத் திருப்தி. ஹரியானாவில் உள்ள அவர்கள் ஆலை லண்டன் தங்கம்-வெள்ளிச் சந்தையின் அங்கீகாரம் பெற்றது, ஆயிரத்துக்கு 999.9 பங்கு சுத்தம், சீல் அட்டையோடு வருகிறது. அந்த சீலைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் மறுபடி டச் (சுத்தம்) சோதித்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். மொத்த வியாபாரியிடம் வாங்கிய பாரில் செய்கூலி குறைவு, ஆனால் சீல் இல்லை. எடை, சுத்தம் இரண்டும் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் கடையை விட்டு இறங்க வேண்டாம். வரிக் கணக்குக்கும் அந்த பில்தான் ஆதாரம்: 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி, அதற்குள் விற்றால் உங்கள் வருமானத்தோடு சேர்ந்துவிடும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்று நினைத்து பார் வாங்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2025 விதிகளின்படி வெள்ளி நகைக்கும், 500 கிராம் வரை வெள்ளி நாணயத்துக்கும்தான் கடன், பாருக்குக் கிடையாது. வீட்டில் கஷ்ட காலத்துக்கு என்று சேர்ப்பவர்களுக்கு இது பெரிய விஷயம், எந்தக் கடையிலும் இதை என்னிடம் சொல்லவில்லை.

விலை தங்கம் மாதிரி நிதானமாகப் போகாது. 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை ஒட்டிப் போன வெள்ளி, 2011 ஏப்ரலில் மறுபடி அந்த உயரத்துக்கு வந்து இறங்கி, 2025 அக்டோபரில்தான் அதைத் தெளிவாகத் தாண்டியது. அரசின் முடிவும் அடிக்கும்: 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்ததும் விலை மடமடவென்று இறங்கியது. சோலார் தகடு, மின்னணுப் பொருள்களுக்கான தேவை இருப்பதால் நீண்ட நாளுக்கு எனக்கு வெள்ளி மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் அடுத்த வருடம் கல்யாணம், காலேஜ் ஃபீஸ் என்று தேதி குறித்த பணத்தை இதில் போட வேண்டாம்.

விலை ஏற்றம் மட்டும் போதும், கையில் பொருள் வேண்டாம் என்பவர்களுக்கு 2022-லிருந்து வெள்ளி இடிஎஃப், அதாவது பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் வெள்ளி நிதி, இருக்கிறது. அதில் செய்கூலியும் இல்லை, லாக்கரும் வேண்டாம், பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டிமேட் கணக்கு மட்டும் வேண்டும். எனக்குப் பொருளாகக் கையில் இருப்பதுதான் பிடிக்கும், அதனால் இனி 100 கிராம் பார் மட்டுமே வாங்கப்போகிறேன், அதுவும் திரும்ப எடுக்கும் விலையை முகத்துக்கு நேரே சொன்ன அந்த வியாபாரியிடம்.