அமெரிக்க இமிக்ரேஷன்: அபுதாபியிலா, சிகாகோவிலா?

சென்னையிலிருந்து சிகாகோ போய், அங்கே உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டுமா? துபாய் வழியாகப் போனால் இமிக்ரேஷன் சிகாகோவில்தான். அதே நேரத்தில் இன்னும் இரண்டு பெரிய விமானங்கள் இறங்கினால் வரிசை நெளிந்து நெளிந்து நீளும். அதிகாரி விட்டதும் ஓடிவிட முடியாது. பெல்ட்டில் பெட்டி வரும்வரை நின்று, சுங்கம் தாண்டி, பெட்டியை மறுபடி ஒப்படைத்து, அப்புறம் இன்னொரு பாதுகாப்புச் சோதனை. மூன்றரை மணி நேர இடைவெளியாவது வையுங்கள்.

அபுதாபியில் 2014 முதல் அமெரிக்க அதிகாரிகளே உட்கார்ந்து இதையெல்லாம் முடித்துவிடுகிறார்கள். சிகாகோவில் உள்நாட்டுப் பயணிபோல இறங்கலாம். ஆனால் வரிசை அபுதாபிக்கு மாறுகிறது, எனவே அங்கே இடைவெளி தாராளமாக இருக்கட்டும். அப்பா அம்மா தனியாகப் போகிறார்களா? யோசிக்காமல் அபுதாபி வழியே டிக்கெட் போடுங்கள்.