கராஜ் கதவும் ஜூன் மாத வெயிலும்

விலையைக் குறைத்திருக்கிறார்களாம். தென்னாப்பிரிக்காவில், இதே டர்பனில் உள்ள ஃபீனிக்ஸிலிருந்து மச்சான் போன் செய்தான். "உன் வீட்டில் இருக்கிற அதே கராஜ் மோட்டார்தான், வாங்கட்டுமா?" போனில் சொல்லி மாளாது என்று எழுதுகிறேன்.

டர்பனிலேயே, சாட்ஸ்வர்த்தில் என் வீட்டில் 2019-இல் மாட்டியது. மோட்டாரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2023-இல் ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை லோட் ஷெடிங் என்று கரண்டை நிறுத்தினார்கள். கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் பக்கத்து வீட்டு மோட்டாரின் சர்க்யூட் போர்டு கருகிப்போனது, இது அசரவில்லை. அடி வாங்கியது, கரண்ட் இல்லாதபோது மோட்டாரை ஓட்டும் பேட்டரிதான். 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர், ஈய-அமில (லெட் ஆசிட்) வகை. அரைகுறையாகச் சார்ஜ் ஏறுவதும் உடனே இறங்குவதுமாக இருந்தால் எது தாங்கும்? அந்த வருஷத் தைப்பூசத்தன்று விடியற்காலை, அம்கேனி ரோடு கோயிலுக்குக் காவடியைக் காரில் ஏற்றிவிட்டுப் பட்டனை அழுத்தினேன். கதவு ஒரு சாண் ஏறி நின்றுவிட்டது. மோட்டாரிலிருந்து கதவை விடுவிக்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, பட்டு வேட்டியோடு கையால் தூக்கினேன். அப்புறம் மல்டிமீட்டரை வைத்தால், மோட்டார் இழுக்கிற நேரத்தில் 9 வோல்ட்டுக்கு இறங்குகிறது. புதுப் பேட்டரி போட்டதோடு சரி.

என் ஆத்திரம் வேறு. கதவின் இரு பக்கமும் கீழே இரண்டு கண்கள் இருக்குமே, ஒன்று கதிரை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவில் பிள்ளையோ பூனையோ வந்தால் கதவு மூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜூன் வந்தால் மாலை நாலு மணிக்கு என் கதவு மூட மறுக்கும். விளக்கு மட்டும் கண்ணடிக்கும். குறுக்கே ஈ, எறும்பு கிடையாது. மெக்கானிக் வந்தார், போர்டு போய்விட்டது என்றார், 1,800 ராண்ட் வாங்கினார். அவர் வந்தது காலையில். அன்று மாலையே பழைய கதை.

கடைசியில் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. என் கராஜ் வடக்குப் பார்த்தது. ஜூன் நம் ஊரில் குளிர்காலம்; மாலையில் சூரியன் வடமேற்கில் தாழ இறங்கி, வாங்குகிற கண்ணுக்குள்ளேயே நேராக அடிக்கிறது. அந்த வெளிச்சத்தில் அதற்குக் கதிர் தெரியவில்லை. கையால் நிழல் கொடுத்தேன், விளக்கு நின்றது. சரி என்று இரண்டு கண்களையும் இடம் மாற்றினேன். இப்போது காலை எட்டு மணிக்கு மூடவில்லை! சிரிப்பதா அழுவதா?

ஒரு விரல் நீளத்துக்கு பிவிசி பைப்பை வெட்டி, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்து, கண்ணுக்குத் தொப்பி மாதிரி மாட்டினேன். அன்றிலிருந்து வம்பில்லை. அவசரத்துக்குச் சுவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தாலும் என் மோட்டார் மூடும். அப்போது கண் வேலை செய்யாது என்பதால் கதவை விட்டுப் பார்வையை எடுக்காதே.

ரிமோட் திடீரென்று கிட்டப் போனால்தான் கேட்கிறதா? மோட்டாரில் மாட்டிய எல்இடி பல்பைக் கழற்றிப் பார். எனக்கு ரிமோட் சிக்னலைக் கெடுத்த குற்றவாளி அதுதான். மூடியைத் திறக்கும் முன் பிளக்கையும் பேட்டரியையும் கழற்று. கதவின் ஸ்பிரிங்கில் மட்டும் கை வைக்காதே.

இவ்வளவு உழைக்கிற மோட்டாருக்கு ஐந்து ராண்ட் பெறுமான பிளாஸ்டிக் மறைப்பு வைக்கத் தோன்றாதவர்களிடம் நான் மறுபடி வாங்க மாட்டேன். நீயும் வாங்காதே. மீறி வாங்கினால் மிச்சப் பைப் பரணில் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்.