ஒரே கார், அதுவும் வேகமாக வேண்டும்: ஐந்து பழைய டர்போ ஹேட்ச்பேக்குகளின் அலசல்

வீட்டில் ஒரு கார் நிறுத்தத்தான் இடம். அது காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட வேண்டும், ஆபீஸ் டிராஃபிக்கில் ஊர்ந்து போக வேண்டும், விடுமுறைக்கு மூட்டை முடிச்சோடு சொந்த ஊர் போக வேண்டும். அதே சமயம் வண்டலூர் தாண்டியதும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முகத்தில் ஒரு சிரிப்பும் வர வேண்டும். புதுசு வாங்கப் பணம் பத்தாது. இப்படி ஒருவர் செகண்ட் ஹேண்டில் தேட ஆரம்பித்தால் சுற்றிச் சுற்றி ஐந்து பெயர்களில்தான் வந்து நிற்பார்: ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., ஃபியட் அபார்த் புன்டோ, மாருதி பலேனோ ஆர்.எஸ்., டாடா டியாகோ ஜே.டி.பி., ஹூண்டாய் ஐ20 என் லைன்.

ஸ்கோடா ஆக்டேவியா 1.8-ஐயும் சிலர் இதில் சேர்ப்பார்கள். 180 குதிரைத்திறன், 590 லிட்டர் டிக்கி என்றால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அதன் பராமரிப்புக் கணக்கே வேறு. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வியை முடித்துவிடலாம். எது அதிவேகம்? சந்தேகமே இல்லை, அபார்த். 1.4 லிட்டர் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளிச் சக்தியைக் கூட்டும் கருவி), சுமார் 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவிசை. 2015 அக்டோபரில் 9.95 லட்சத்துக்கு அறிமுகமானபோது, அந்த விலைக்கு இந்தியாவில் அதன் அருகில் வர ஒரு காரும் இல்லை. அதற்கடுத்து 120 குதிரைத்திறனில் என் லைன், 114-இல் ஜே.டி.பி., 105-இல் பழைய போலோ ஜி.டி., 102-இல் பலேனோ ஆர்.எஸ். ஆனால் பலேனோவின் எடை 950 கிலோதான். காகிதத்தில் கடைசியில் நின்றாலும் சாலையில் அப்படி நிற்காது. தினமும் ஓட்டுகிற காரில் இந்த எண்களுக்குக் கடைசி இடம் கொடுத்தால் போதும் என்பது என் கட்சி. 105-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசத்தை மாதத்தில் ஒரு நாள் உணர்வீர்கள். கியர்பாக்ஸை ஒவ்வொரு சிக்னலிலும் உணர்வீர்கள். ஸ்பேர் கிடைக்காத வலியை கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற ஒவ்வொரு வாரமும் உணர்வீர்கள்.

அதனால் கியர்பாக்ஸிலிருந்து தொடங்குவோம். பேச வேண்டிய விஷயம் அங்கேதான் நிறைய இருக்கிறது.

2013-இல் வந்த போலோ ஜி.டி.யின் பெருமையும் தலைவலியும் ஒன்றுதான்: ஏழு கியர் டி.எஸ்.ஜி. இதில் இரண்டு கிளட்ச்சுகள். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றொன்று இரட்டைப்படை கியர்களுக்கும் ரிவர்ஸுக்கும். நீங்கள் இரண்டாவது கியரில் போகும்போதே மூன்றாவது தயாராகக் காத்திருக்கும். அதனால்தான் கியர் மாறுவதே தெரியாமல் சீறுகிறது. ஆனால் இவை ஆயிலில் குளிக்கும் கிளட்ச்சுகள் அல்ல, உலர் வகை. நெரிசலில் ஊர்ந்து போகும்போது மேனுவல் காரில் நாம் அரை கிளட்ச்சில் ஓட்டுவோம் இல்லையா, இங்கே அதே வேலையை ஒரு கம்ப்யூட்டர் செய்கிறது. மத்திய கைலாஷிலிருந்து சோழிங்கநல்லூர் வரை சாயங்காலம் ஆறரை மணிக்கு அது எவ்வளவு அரை கிளட்ச் போடும் என்று யோசித்துப் பாருங்கள். சூடு ஏறும், தேயும், உதறும்.

கிளட்ச்சோடு முடிவதில்லை. கியர்களை மாற்றும் மூளையும் ஹைட்ராலிக்கும் சேர்ந்த பெட்டியை மெக்கட்ரானிக் என்பார்கள். அது போனால் செலவு பெரிது. இது ஏதோ நம் ஊர் மெக்கானிக்குகள் கிளப்பிவிட்ட வதந்தி அல்ல. 2013-இல் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களை டி.எஸ்.ஜி. கோளாறுக்காக ஃபோக்ஸ்வாகன் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உலக அளவில் சுமார் 16 லட்சம் கார்களுக்கு, கியர்பாக்ஸில் இருந்த சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்ற முடிவு செய்தது. சூடும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில், நின்று நின்று போகும் நெரிசலில் அந்தப் பிரச்சினை வரலாம் என்பதே காரணம். சென்னைக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணனை கிடையாது.

இதற்காகப் போலோவையே ஒதுக்க வேண்டாம். ஏனென்றால் ஜி.டி. டி.எஸ்.ஐ. என்ற பெயரில் இரண்டு வேறு வேறு கார்கள் விற்றன. 2020-இல் பி.எஸ்.6 என்ற கடுமையான புகை விதி வந்தபோது நான்கு சிலிண்டர் 1.2 எஞ்சின் போய், மூன்று சிலிண்டர் 1.0 டி.எஸ்.ஐ. வந்தது. 110 குதிரைத்திறன், அதே 175 டார்க். ஆட்டோமேட்டிக்கும் டி.எஸ்.ஜி. இல்லை, ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர்; உலர் கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியே சக்தியைக் கடத்தும் வகை. அது கொஞ்சம் சோம்பல், ஆனால் நெரிசலுக்கென்றே பிறந்தது. அதே எஞ்சினோடு ஆறு கியர் மேனுவல் போலோவும் உண்டு; ஜி.டி. பேட்ஜ் இல்லாததால் தேடுபவர்கள் கண்ணில் அது படுவதில்லை. விளம்பரத்தில் எல்லோரும் ‘ஜி.டி. ஆட்டோமேட்டிக், சூப்பர் கண்டிஷன்’ என்றுதான் போடுவார்கள். போனில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பி.எஸ்.4-ஆ, பி.எஸ்.6-ஆ?

என் லைன் வாங்குகிறவர்களும் இங்கே கவனிக்க வேண்டும். 2021 செப்டம்பரில் வந்த அந்தக் காரின் டி.சி.டி.யும் உலர் வகை இரட்டைக் கிளட்ச்தான். வயது குறைவு என்பதால் இன்னும் பெயர் கெடவில்லை, அவ்வளவே. இன்னொன்று ஐ.எம்.டி.: கிளட்ச் பெடல் இல்லை, ஆனால் கியரை நீங்களே போட வேண்டும். நெரிசலில் இடது காலுக்கு நிம்மதி. வளைவில் கியர் இறக்கி விளையாட நினைத்தால் ஒரு சப்பென்ற உணர்வு. முறையான ஆறு கியர் மேனுவல் 2023 ஃபேஸ்லிஃப்ட்டில்தான் வந்தது. வேகத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் அதற்காகக் காத்திருக்கலாம். விலைதான் ஐந்திலும் அதிகமாக இருக்கும்.

மற்ற மூன்றும் ஐந்து கியர் மேனுவல். அபார்த்தின் டர்போ, எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே ஓடும்போது தூங்கும், அப்புறம் மொத்தமாக எழும். காலியான சாலையில் அது போதை. கத்திப்பாரா நெரிசலில் எரிச்சல். பலேனோ 1,700 சுற்றிலேயே முழு டார்க்கையும் தந்துவிடும், கிளட்ச்சும் லேசு. தினசரி ஓட்டத்துக்கு இந்த ஐந்தில் உடம்பு வலிக்காத மேனுவல் அதுதான்.

அடுத்தது ஸ்பேர். ஐந்தில் நான்கு கார்கள் இப்போது தயாரிப்பில் இல்லை. ஆனால் கார் நின்றுவிட்டதா என்பதைவிட, அதன் எஞ்சின் வேறு எதிலாவது உயிரோடு இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

1.0 டி.எஸ்.ஐ. இன்று டைகுன், விர்ட்டஸ், குஷாக், ஸ்லாவியா எல்லாவற்றிலும் ஓடுகிறது. எஞ்சின் பக்கம் கவலையே வேண்டாம். பலேனோ ஆர்.எஸ். கதை சுவாரசியமானது. 2017 மார்ச்சில் வந்து 2020 ஜனவரியில் ஓசையில்லாமல் போய்விட்டது. அன்று அதை வாங்கியவர்களைப் பார்த்து அனுதாபப்பட்டவர்கள் உண்டு. 2023-இல் அதன் பூஸ்டர்ஜெட் டர்போ குடும்பத்து எஞ்சின் மாருதியின் ஃப்ரான்க்ஸில் திரும்பி வந்தது. உடலும் சஸ்பென்ஷனும் பெரும்பாலும் சாதாரண பலேனோ. மாருதி ஒர்க்‌ஷாப் இல்லாத ஊர் எது?

டியாகோ ஜே.டி.பி. நம் ஊர்க் கார் என்றே சொல்லலாம். கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கூட்டுச் சேர்ந்து செய்தது. 2018 அக்டோபரில் 6.39 லட்சம் விலையில் வந்தது, பி.எஸ்.6 காலத்தைப் பார்க்கவில்லை. எஞ்சின் நெக்ஸானின் 1.2 டர்போ பெட்ரோலை ஒட்டியது, அதனால் அந்தப் பக்கம் பயமில்லை. இந்தக் காருக்கென்றே செய்த பம்பர் போன்றவை உடைந்தால்தான் தேடி அலைய வேண்டும். அதற்குப் பதிலாகச் சாதாரண டியாகோ பம்பரை மாட்டிக்கொண்டு ஓடும் ஜே.டி.பி.யைப் பார்த்தால் கோபப்படாதீர்கள், விலை பேசுங்கள்.

அபார்த்துக்கு ஸ்பேரே கிடையாது என்பது பாதி உண்மை. இதன் 1.4 டி-ஜெட் எஞ்சின் இங்கே லீனியாவிலும் வந்தது, ஐரோப்பாவில் சின்ன அபார்த் கார்களில் பல ஆண்டுகள் ஓடியது. அதனால் எஞ்சின் பாகங்களை வெளிநாட்டிலிருந்தாவது வரவழைக்கலாம். ஹெட்லைட், பம்பர், கண்ணாடி மாதிரியான உடல் பாகங்கள்தான் சிக்கல். பின்னால் வரும் டூவீலர் ஒருமுறை இடித்தால் போதும், உங்கள் ஒரே கார் வாரக்கணக்கில் நிற்கும். டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

சாலைக்கு வருவோம். அபார்த்தின் தரை இடைவெளி 155 மில்லிமீட்டர். நம் தெருக்களில் மக்களே சிமென்ட் குழைத்துப் போடும் வேகத்தடைகளுக்கு இது போதாது. நால்வர் ஏறினால் அடி தட்டும். பலேனோவும் என் லைனும் 170-ஐ ஒட்டியவை. ஆனால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலையிலோ, எழுபது வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலோ ஏறினால் அபார்த்தின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கையோடு பேசும். மற்ற நான்கும் அந்த அளவுக்குப் பேசாது. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் என்பதால் இறக்கத்திலும் நம்பிக்கை. என் லைன், பலேனோ ஆர்.எஸ். இரண்டுக்கும் பின்சக்கர டிஸ்க் உண்டு. போலோவுக்கு இல்லை என்றாலும் நெடுஞ்சாலையில் அதன் நிதானம் தனி ரகம். நூறில் போனால் எழுபதில் போவது போல இருக்கும்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும். குளோபல் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஏர்பேக் உள்ள போலோ 2014-இலும், டியாகோ 2020-இலும் நான்கு ஸ்டார் வாங்கின. ஐ20 2022-இல் மூன்று. முந்தைய தலைமுறை பலேனோ 2021-இல் லத்தீன் என்கேப்பில் ஒரு ஸ்டார்கூட வாங்கவில்லை. அந்தச் சோதனையின் விதிகள் கடுமையானவை, அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் பலேனோவின் அந்த 950 கிலோவைப் புகழும்போது இதையும் நினைவில் வைக்கத்தான் வேண்டும். டிக்கியில் நிலைமை நேர்மாறு: பலேனோ 339 லிட்டர், ஐ20 311, டியாகோ 242. ஸ்ட்ரோலர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு டியாகோ அங்கேயே முடிந்தது.

பெட்ரோலையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்கள்தான் அதைத் தாங்கும் பாகங்களோடு வருகின்றன. இந்தப் பட்டியலில் பிந்தைய என் லைன்களைத் தவிர எல்லாமே அதற்கு முந்தியவை. மைலேஜ் கொஞ்சம் குறையும். பெட்ரோல் வரும் ரப்பர் குழாய்களை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வகைக் கார்களுக்கென்றே ஒரு சந்தேகம் இருக்க வேண்டும்: ரீமேப். சாதாரண காரில் முந்தைய ஓனர் சீட் கவர் மாற்றியிருப்பார். டர்போ காரில் எஞ்சின் மூளையையே மாற்றியிருப்பார். போலோவிலும் அபார்த்திலும் இது சகஜம். விற்கும் முன் பழைய மென்பொருளை ஏற்றிவிட்டு ‘ஸ்டாக் வண்டி சார்’ என்பார்கள். ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், இன்டர்கூலர் இவற்றில் ஏதாவது வெளிச்சந்தைப் பொருளாக இருக்கிறதா, பழைய போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்த மெக்கானிக் ஸ்கேனர் போட்டால் சில தடயங்கள் கிடைக்கும். ரீமேப் செய்ததை ஒளிக்காமல் பில்லோடு காட்டுகிற ஓனரை நான் அதிகம் நம்புவேன். ஆனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் அப்படிப் பார்க்க மாட்டார்கள்; சொல்லாமல் விட்ட மாற்றம் கிளெய்மைக் கெடுக்கும்.

அபார்த், ஜே.டி.பி. மாதிரி அரிதான கார்கள் பெரும்பாலும் பெங்களூரு, புனே என்று வெளிமாநிலத்தில்தான் சிக்கும். அங்கே விலை குறைவாகத் தெரியும். அங்கே என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரியை மறுபடி கட்டி, பழைய மாநிலத்தில் கட்டிய வரிக்கு ரீஃபண்ட் கேட்டு அலைந்தால் அந்த லாபம் கரைந்துவிடும். விற்பவரின் நோ க்ளெய்ம் போனஸும் காரோடு வராது. அது அவருடையது.

சரி, எதை வாங்குவது? பட்ஜெட் எட்டினால் 2020-க்குப் பிந்தைய போலோ 1.0 டி.எஸ்.ஐ.; நெரிசலே வாழ்க்கை என்றால் டார்க் கன்வெர்ட்டர், இல்லையென்றால் மேனுவல். வேகம், ஸ்பேர், கட்டுமானம் மூன்றும் ஒன்றாக அமைவது அதில்தான். பின்சீட்டில் கால் வைக்க இடம் குறைவு, அதைச் சகித்துக்கொள்ள வேண்டும். இடம்தான் முக்கியம், செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால் பலேனோ ஆர்.எஸ். வாரண்டி இல்லாமல் தூக்கம் வராதவர் என் லைன் பக்கம் போகட்டும். தனி ஆள், கையில் காசு குறைவு, ஆனால் ஆசை நிறைய என்றால் ஜே.டி.பி. அபார்த்தை, வீட்டில் இன்னொரு கார் உள்ளவருக்கு மட்டுமே சொல்வேன். அப்படி இருந்தால் மற்ற நான்கையும் பார்க்கவே வேண்டாம்.

பழைய டி.எஸ்.ஜி. போலோ மேல்தான் மனம் நிற்கிறது என்றால், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். நெரிசலில் முக்கால் மணி நேரம் ஓட்டிச் சூடேற்றுங்கள். பிறகு ஏதாவது மாலின் பேஸ்மென்ட் சரிவில் பாதியில் நிறுத்தி, முன்னால் ஊர்ந்தும் ரிவர்ஸில் ஏறியும் பாருங்கள். உதறலோ, மீட்டரில் கியர் எழுத்து மினுக்குவதோ தெரிந்தால் மெக்கட்ரானிக், கிளட்ச் இரண்டுக்கும் எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையைக் கேட்ட விலையில் கழித்துச் சொல்லுங்கள். ஓனர் ஒத்துக்கொள்ளாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.