மிக்சியை சர்வீசுக்குக் கொடுக்கும் முன் ஜார் பிளேடை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் மிக்சி ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். புகார் கொடுத்திருக்கிறேன், அதனால் கடைப் பெயரைப் போடவில்லை. 1,850 ரூபாய் தண்டம், முக்கால் கிலோ பாதாம் பாழ், அதற்கு மேல் மூன்று வாரம் என் கைப்பக்குவத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம்.

எங்கள் அத்தைக்கு (வீட்டுக்காரரின் அம்மா) ஒரு வருடமாகப் பசும்பால் ஒத்துக்கொள்வதில்லை. குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிவிடும். பாலை நிறுத்திப் பாருங்கள் என்றார் டாக்டர், ஆனால் காலைக் காபியை நிறுத்தச் சொல்ல அவருக்கும் தைரியம் வரவில்லை. அதனால்தான் வீட்டிலேயே பாதாமில் பால் எடுக்க ஆரம்பித்தேன். நம் பக்கம் பாதாம் பால் என்றாலே சௌகார்பேட்டை மின்ட் தெருவில் மஞ்சளாக, குங்குமப்பூ போட்டு, பசும்பாலைக் காய்ச்சிக் கொடுப்பார்களே, அதுதான் ஞாபகம் வரும். இது அது இல்லை. வெறும் பாதாமும் தண்ணீரும்தான்.

தேங்காய்ப்பால் பிழியத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஒரு கப் பாதாமை ராத்திரி ஊறப்போட வேண்டும், எட்டு மணி நேரமாவது. நம் ஊர் வெயிலுக்கு வெளியே வைத்தால் காலையில் புளித்த வாடை வந்துவிடும், ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் தோலை உரித்து, தண்ணீரை மொத்தமாகக் கொட்டாமல் அரை கப் மட்டும் விட்டு முதலில் சட்னியை விட மைய அரைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் மீதித் தண்ணீர், மொத்தம் மூன்றரை கப். எடுத்ததுமே எல்லாத் தண்ணீரையும் விட்டால் பருப்பு பிளேடில் படாமல் நீந்திக்கொண்டே இருக்கும், திப்பி திப்பியாகத்தான் வரும். வடிகட்ட டீ வடிகட்டி உதவாது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய மல் வேட்டித் துணிதான் சரி. ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தால் வழவழவென்று இருக்க வேண்டும், ஒரு துகள்கூட நெருடக் கூடாது. எனக்கு நான்கைந்து மாதம் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. காபிக்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கொதிக்கிற டிகாக்ஷனில் இந்தப் பாலை ஊற்றினால் திரிந்துவிடும். பாலைத் தனியாக வெதுவெதுப்பாக்கி அதில் டிகாக்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

போன மாதம் அடை மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது மிக்சி டக்கென்று நின்றுவிட்டது. 750 வாட்ஸ், வாங்கி ஆறு வருடம். கருகிய வாடை இல்லை, புகை இல்லை, சும்மா நின்றுவிட்டது. (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பக்கத்துத் தெருக் கடைக்குப் போனேன். அவர் ஸ்விட்சை இரண்டு தடவை திருகிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், உடனே தீர்ப்பு. “ஆர்மேச்சர் போயிடுச்சும்மா. ஒரிஜினல் காப்பர் வைண்டிங்லயே போட்டுத் தந்துடறேன். ஜாரையும் எடுத்துட்டு வாங்க, புஷ் லூசா இருக்கும், பிளேடு சாணை பிடிச்சி எல்லாம் சேர்த்து செஞ்சிடலாம்.” (ஆர்மேச்சர் என்றால் மோட்டாருக்குள் சுற்றுகிற கம்பிச் சுருள் பாகம், புஷ் என்றால் ஜார் அடியில் பிளேடுத் தண்டைப் பிடித்திருக்கும் வளையம்.) நானும் வீட்டுக்குத் திரும்பிப் போய் பெரிய ஜார், நடு ஜார் இரண்டையும் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். யாரும் என்னை ஏமாற்ற மெனக்கெடவே வேண்டியதில்லை, நானே சுமந்துகொண்டு போய்க் கொடுப்பேன் போலிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து மிக்சி வந்தது. பில் கேட்டதற்கு ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் “சர்வீஸ் 1850” என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

மறுநாள் எடுத்த பாலிலிருந்து தொல்லை ஆரம்பம். துணியில் பிழியும்போதே சக்கை கொரகொரவென்று ரவை மாதிரி இருந்தது, பால் தண்ணீராக இருந்தது. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு “என்னம்மா, நறநறன்னு மண்ணு மாதிரி இருக்கு” என்றார். பாதாம் பழசோ என்று அந்தப் பாக்கெட்டை ஒதுக்கிவிட்டு சௌகார்பேட்டை போய் வேறு அரைக் கிலோ வாங்கி வந்தேன். பன்னிரண்டு மணி நேரம் ஊற வைத்தேன், வெந்நீரில் ஊற வைத்தேன், துணியை இரண்டாக மடித்துப் பிழிந்தேன், இரண்டு தடவை அரைத்தேன். இரண்டாவது தடவை அரைக்கும்போது மோட்டார் பக்கத்திலிருந்து சூடான வார்னிஷ் வாடை. புது காயில் (மோட்டார் கம்பிச் சுருள்) என்றால் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டுக்காரர் சொன்னார், அவருக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கும். முந்திரி ஊறினாலே வெண்ணெய் மாதிரி அரையும், வடிகட்டக்கூட வேண்டாம். அதுவும் திப்பியாக நின்றபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

அதே வாரம் இன்னொன்று. பாலைப் பாத்திரத்தில் ஊற்றியபோது நடுவில் ஒரு சாம்பல் நிறக் கோடு, மை தொட்ட குச்சியால் இழுத்த மாதிரி. ஜாரைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் கப்ளரை (மோட்டாரோடு மாட்டிக்கொள்ளும் துண்டு) சுற்றிக் கறுப்பாக மசி கசிந்திருந்தது. விரலில் தொட்டால் கிரீஸ் பிசுபிசுப்பு, அதோடு உலோகத் தூள். நினைத்துப் பாருங்கள், இதே ஜாரில்தான் இரண்டு வாரமாகக் காரச் சட்னி, புதினா, சாம்பார்ப் பொடி எல்லாம் அரைத்திருக்கிறேன், எதிலும் கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளைப் பால் என்பதால் காட்டிக்கொடுத்தது.

எங்கள் அம்மா வீடு ராயபுரம். இதே மிக்சியின் சட்னி ஜார் எப்போதோ அங்கே போய் அங்கேயே தங்கிவிட்டது, அதனால் அந்தக் கடைக்குப் போகாமல் தப்பித்தது. அதை வாங்கிவந்து, ஒரு கைப்பிடி பாதாமை மட்டும் போட்டு அரைத்தேன். மோட்டார் அதே மோட்டார், பாதாம் அதே பாதாம், பால் பட்டு மாதிரி வந்தது. இரண்டு ஜாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சட்னி ஜார் பிளேடு கனமாக, ஓரம் சீவினாற்போல இருக்கிறது. பெரிய ஜாரில் இருப்பது தகர டப்பா மூடியில் வெட்டியது மாதிரி மெல்லிசு, விரலால் ஆட்டினால் இடமும் வலமும் ஆடுகிறது. சாணை பிடிக்கிறேன் என்று வாங்கி என் பிளேடையே கழற்றிக்கொண்டு வேறு எதையோ மாட்டியிருக்கிறார்கள்.

மெட்ரோவில் காலடிப்பேட்டையில் இறங்கி, தெரிந்தவர் சொன்ன ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். மிக்சியின் அடியைத் திறந்து காயிலில் ஒரு ஓரத்தைப் பிளேடால் லேசாகச் சுரண்டிக் காட்டினார். மேலே பார்த்தால் செம்பு நிறம்தான், சுரண்டிய இடத்தில் வெள்ளி மாதிரிப் பளபளப்பு. அலுமினியக் கம்பிக்குச் செம்பு நிற எனாமல் பூசி வருகிறதாம். அதே தடிமன் கம்பியில் செம்பு கடத்துவதில் சுமார் 60 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும், அதனால் சீக்கிரம் சூடேறும் என்றார். ஜார் புஷ்ஷும் மட்ட ரகம், வாஷர் போடவே இல்லை, மசி அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். “மொதல்ல நின்னப்போ அடியில இருக்கிற செவப்பு பட்டனை அமுக்கிப் பார்த்தீங்களா?”

அப்படி ஒரு பட்டன் இருப்பதே எனக்குத் தெரியாது. லோடு அதிகமானால் அது தானாக வெளியே வந்து மோட்டாரை நிறுத்திவிடும், பத்து நிமிடம் ஆறவிட்டு அமுக்கினால் ஓடும். என் பழைய ஆர்மேச்சர் உண்மையில் போயிருந்ததா, நன்றாக இருந்ததா என்று இப்போது நிரூபிக்க வழியில்லை, அது என்னிடம் இல்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். பழைய பார்ட்ஸ் எங்கே என்றதற்கு “அதெல்லாம் அன்னிக்கே காயலான் கடைக்குப் போயிடுச்சும்மா” என்றார். காப்பர் என்று சொன்னீர்களே என்றால் “யார் சொன்னது?” என்கிறார். குரலை உயர்த்தினேன், கடையில் இருந்த இன்னொரு அம்மா தன் கிரைண்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பினார், அதைப் பார்த்ததும்தான் கல்லாவைத் திறந்து 700 ரூபாய் கொடுத்தார். மீதிக்கு நாளை வா என்றார். அந்த நாளை நான்கு தடவை வந்து போய்விட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன், தமிழிலேயே பேசினார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. காலண்டர் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இது சரிவராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

கொடுப்பதற்கு முன் ஜாரின் உள்பக்கம், பிளேடின் மேல்புறம் எல்லாம் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிளேடின் அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வையுங்கள். கழற்றிய பார்ட்ஸ் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதைக் கேட்டதும் முகம் மாறினால் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். சிவப்புப் பட்டனை வீட்டிலேயே ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள்.

பெரிய ஜாருக்குப் புது பிளேடும் புஷ்ஷும் காலடிப்பேட்டை அண்ணன் போட்டுத் தந்துவிட்டார், 420 ரூபாய், அச்சடித்த பில்லோடு. காயில் மட்டும் இன்னும் அதே அலுமினியம்தான், அதனால் ஒரு நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் நிறுத்தித்தான் பால் எடுக்கிறேன். 1,150 ரூபாய் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.