காலில் புடைத்த சிரைக்கு லேசரா, கத்தியா?

‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் சுருண்டது நரம்பல்ல, சிரை. அதனுள் இருக்கும் வால்வுகள் பழுதாகி, இதயத்துக்கு ஏற வேண்டிய இரத்தம் கீழேயே தேங்குவதுதான் வெரிகோஸ் வெயின்.

பழைய அறுவை சிகிச்சையில் தொடை இடுக்கில் கீறி, சிரையைக் கட்டி, முழங்கால் வரை உருவி எடுப்பார்கள். பெரும்பாலும் முதுகில் ஊசியோ முழு மயக்கமோ தேவை. தொடையில் இரத்தம் கன்றிய நீலம் மறைய வாரக்கணக்காகும்.

லேசரில் எதையும் உருவுவதில்லை. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே, முழங்கால் அருகே ஊசித்துளை வழியாக லேசர் ஒளியைக் கடத்தும் மெல்லிய இழையைச் சிரைக்குள் செலுத்துவார்கள். சுற்றிலும் மரப்பு மருந்து கலந்த உப்புநீரை ஏற்றுவார்கள். அது வலியைத் தடுக்கும். வெப்பம் தோலையும் நரம்பையும் சுடாமலும் காக்கும். இழையைப் பின்னிழுக்க இழுக்க, சிரை உள்ளிருந்தே வெந்து மூடிக்கொள்ளும். பெரும்பாலோர் அன்றே நடந்து வீடு திரும்பலாம்.

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தையே முதலில் வைத்தது. அடுத்து, நுரை மருந்தைச் செலுத்திச் சிரையை மூடும் ஊசி, அதுவும் பொருந்தாவிட்டால்தான் கத்தி. என் ஓட்டும் லேசருக்கே. ஆனால் ‘ஒரே தடவை, நிரந்தரத் தீர்வு’ என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். சில ஆண்டுகளில் திரும்பி வருவது இரண்டு முறையிலும் உண்டு. சிரை மிகவும் நெளிந்திருந்தால் இழை உள்ளே போகாது. முடிச்சு முடிச்சாய்த் தெரியும் கிளைகளைச் சிறு கீறல்களால் தனியே எடுக்க வேண்டியும் வரலாம். எந்த வால்வு பழுது என்று, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்க்காமல் இரண்டுக்குமே ஒப்புக்கொள்ளாதீர்கள்.