கோடெக்கா, ஈக்வலைசரா? ஒரே இயர்பட்ஸில் மூன்று வழிகள்

புது இயர்பட்ஸ் வாங்கிய முதல் வாரம் எனக்கு ஏமாற்றம்தான். கச்சேரிப் பதிவு எதைப் போட்டாலும் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) மட்டும் தொம் தொம் என்று காதை அடைத்தது. பாடுகிறவரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. திருப்பிக் கொடுப்பதற்கு முன் போனிலேயே சரிசெய்ய முடியுமா என்று மூன்று வழிகளை மாறி மாறிப் பார்த்தேன். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைவான மெனுவில் கோடெக்கை, அதாவது பாட்டைச் சுருக்கி ப்ளூடூத்தில் அனுப்பும் முறையை, மாற்றுவது ஒன்று. கனத்த ஒலி, கூர்மையான ஒலி என்று தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் போனிலேயே இருக்கிறது, அது இன்னொன்று. இயர்பட்ஸுக்கான செயலியில் வரும் ஈக்வலைசர் மூன்றாவது. இப்போது நான் வைத்திருப்பது மூன்றாவதைத்தான்.

காதுக்குச் சரியான அளவு ரப்பர் முனை போட்டிருக்கிறீர்களா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். அது தளர்வாக இருந்தால் எந்த செட்டிங்ஸாலும் பேஸ், அதாவது கனத்த ஒலி, வராது.

சரி, கோடெக். ஆண்ட்ராய்டில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் ப்ளூடூத் ஆடியோ கோடெக் என்று ஒரு வரி இருக்கும். எல்லா இயர்பட்ஸிலும் இருக்கும் எஸ்பிசி என்ற கோடெக், பொதுவாக 328 கேபிபிஎஸ் (ஒரு விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவு) வரை போகும். எல்டாக் என்ற இன்னொரு கோடெக் 330, 660, 990 என மூன்று படிகளில் ஓடும். ஆண்ட்ராய்டு 8 முதல் இதற்கு வழி இருக்கிறது, ஆனால் இயர்பட்ஸும் அதை ஏற்க வேண்டும். எண்ணைப் பார்த்தால் ஆசை வரும். எனக்கும் வந்தது. இரவு பதினொரு மணிக்கு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, தரம் குறையாத லாஸ்லெஸ் பதிவு ஒன்றை 990இல் கேட்டேன். தம்புராவின் ரீங்காரம் தேய்ந்து அடங்குகிற இடம் இன்னும் கொஞ்சம் நீண்டு கேட்டதுபோல் இருந்தது. ஆனால் தொப்பி அப்படியே அடைத்தது, குரலும் அப்படியே போர்வைக்குள் இருந்தது. கோடெக் பாட்டை அதிகம் சிதைக்காமல் கொண்டுவந்து சேர்க்கும். இயர்பட்ஸின் குணத்தை அது மாற்றாது. அதோடு, ஸ்பாட்டிஃபையின் இலவசக் கணக்கில் அதிகபட்சமே 160 கேபிபிஎஸ்தான். சொட்டுச் சொட்டாக வரும் குழாயின் கீழே அண்டாவை வைத்து என்ன லாபம்?

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் 990 விட்டுவிட்டு ஒலித்தது. ப்ளூடூத், வைஃபை இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பங்குபோடுகின்றன. நம் உடம்பும் அந்த அலையை உறிஞ்சும். போனைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றால் இப்படித்தான் ஆகும். இன்னொன்று, எல்டாக்கை ஆன் செய்தால் பல இயர்பட்ஸில் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணைகிற வசதி போய்விடும். அலுவலக லேப்டாப்பையும் போனையும் சேர்த்தே ஓட்டுகிற எனக்கு அது ஒத்துவரவில்லை.

போனில் உள்ள ஈக்வலைசரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாம்சங் போன்களில் ஒலி செட்டிங்ஸுக்குள்ளேயே ஈக்வலைசரும் ஒலி சுற்றிலும் இருந்து வருவதுபோல் காட்டும் டால்பி அட்மாஸும் இருக்கின்றன. டால்பியை நான் படம் பார்க்கும்போது மட்டும் ஆன் செய்வேன். பாட்டுக்கு அது குரலைத் தள்ளி வைத்துவிடுகிறது. ஐபோனை ஒரு நண்பரிடம் வாங்கி இரண்டு நாள் பார்த்ததோடு சரி. அதில் மியூசிக் செட்டிங்ஸில் இருக்கும் ஈக்வலைசர் அந்த மியூசிக் செயலிக்கு மட்டும்தான் வேலை செய்தது. யூடியூப் பழையபடியே ஒலித்தது.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது ஒரே விஷயம்: ஒருமுறை வைத்தால் அது நிற்கிறதா? என் போனில் எல்டாக்கை 990க்கு வைத்தால், இயர்பட்ஸைப் பெட்டியில் போட்டு மறுபடி எடுக்கும்போது அது தானாக மாறும் நிலைக்கே திரும்பிவிடும். தினமும் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் போய்த் தேடி மாற்ற வேண்டும். இரண்டு வாரம் செய்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். போன் ஈக்வலைசர் அந்தப் போனோடு நின்றுவிடும்; லேப்டாப்புக்கு மாறினால் பழைய தொம் தொம் வந்துவிடும். செயலியில் செய்கிற மாற்றமோ, பல மாடல்களில், இயர்பட்ஸின் சிப்பிலேயே பதிந்துவிடுகிறது. எந்தக் கருவியோடு இணைத்தாலும், எந்தச் செயலியில் கேட்டாலும் அதே ஒலிதான்.

நான் செய்தது இவ்வளவுதான். செயலியின் ஈக்வலைசரில், கனத்த ஒலி இருக்கும் 250 ஹெர்ட்ஸ் பட்டையை 4 டெசிபல் இறக்கினேன். 2 கிலோஹெர்ட்ஸை ஒன்றே ஒன்று ஏற்றினேன். முதலில் எல்லாரும் செய்வதுபோல் ட்ரெபிளை, அதாவது கூர்மையான ஒலியை, மேலே தள்ளிப் பார்த்தேன். குரலில் ஸ, ச எல்லாம் சீறின, வால்யூமைக் கூட்டினால் ஒலி பிசிறடித்தது. தெளிவு வேண்டுமென்றால் மறைப்பதைக் குறைக்க வேண்டும், மற்றதை அதிகம் ஏற்றக் கூடாது. 250ஐ இறக்கிய அந்த நிமிடமே குரல் முன்னால் வந்து உட்கார்ந்தது. தொப்பியின் கும்காரம் இருந்தது, ஆனால் அடைக்கவில்லை. உங்கள் இயர்பட்ஸுக்கு எண்கள் வேறாக இருக்கும். ஒரு பட்டையை மட்டும் அசைத்து, ஒரே பாட்டின் அதே பத்து விநாடியை திரும்பத் திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

எல்லா இயர்பட்ஸும் இப்படிப் பதிந்துகொள்வதில்லை. சில மாடல்கள், செயலி ஓடும்வரைதான் நினைவு வைத்திருக்கும். வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், இதைச் சோதித்துவிடுங்கள். செயலியில் மாற்றம் செய்துவிட்டு, அந்தச் செயலியே இல்லாத வேறொரு போனில் இணைத்து அதே பாட்டைப் போட வேண்டும். நான் அம்மாவின் போனில் போட்டேன். "பாடுறது நல்லா தெளிவா கேக்குதேடா" என்று ஒரு பக்கத்தைக் கழற்றாமலே வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.